வாசலிலேயே முடிவைச் சொன்னவர்

சேலத்துச் சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழிப்பவருக்கு மீசை பெரிது. வாய் அதைவிடப் பெரிது. உள்ளே போகிறவர்களிடம் படத்தின் குறைநிறையைச் சொல்லாமல் விடமாட்டார். முதலாளி திட்டியும் திருந்தவில்லை. சித்திரங்களே ஓடியாடும் பொம்மைப் படம் வந்தபோது பிள்ளைகளோடு போனேன்.

“படம் எப்படிங்க?” என்றேன்.

“முயலும் குருவியும் நெசமாவே உசுரோட ஓடுறாப்பல இருக்குதுங்க. ராசகுமாரன்தான் வெறும் மரக்கட்டை” என்றவர், பிள்ளைகளிடம் குனிந்தார். “குட்டிப் பூதம் செத்தாப்பல கெடக்கும். அழுவாதீங்க சாமி, எந்திரிச்சுக்கும்.”

முடிவையே சொல்லிவிட்டாரே என்று எனக்கு எரிச்சல். ஆனால் குட்டிப் பூதம் கண் மூடியபோது பிள்ளைகள் கலங்காமல் உட்கார்ந்திருந்தார்கள். வாசல் பக்கம்தான் ஒரு விசும்பல் கேட்டது. திரும்பினேன். தினமும் பூதம் எழுவதைப் பார்க்கிற அந்த மீசைக்காரர், இன்று எழாமல் போய்விடுமோ என்பதுபோல் நின்றிருந்தார்.