டயர் லைட்டும் வலியசாலைச் சாமியும்

கார் சர்வீஸ் சென்டரில் வாசலுக்கு நேராக உட்கார்ந்திருப்பவனுக்கு சர்வீஸ் அட்வைசர் என்று பெயர். பதினோரு வருடமாக நான் அட்வைஸ் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேனே தவிர, யாருக்கும் சொன்னதாக நினைவில்லை. திருவனந்தபுரத்தில், கரமனைப் பக்கம் வேலை. எஞ்சின் கோளாறு, பிரேக் கோளாறு எதற்கும் நான் அசரமாட்டேன். டயரில் காற்று குறைந்தால் ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில் மஞ்சளாக எரியுமே ஒரு லைட், அதைக் கண்டால் மட்டும்தான் பயம். உங்கள் காரிலும் அது அணையாமல் எரிந்துகொண்டிருந்தால் வாருங்கள், நாம் ஒரே கட்சி.

குண்டான்

நடுவில் ஆச்சரியக்குறி போட்ட குண்டான் மாதிரி இருக்கும் அந்த லைட். டயரைக் குறுக்கே வெட்டினால் அப்படித் தெரியுமாம். யார் வெட்டிப் பார்த்தார்கள்? சாலை பஜாரில் அரிசி மொத்த வியாபாரம் செய்யும் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர், எஞ்சின்தான் கொதிக்கிறது என்று முடிவுகட்டி இரண்டு நாள் ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்.

பின் டயரில் ஒரு ஆணி இருந்தது. பிடுங்கி, ஒட்டுப் போட்டு, காற்றடித்தோம். லைட் அணைந்தது. அண்ணாச்சிக்குத் திருப்தி இல்லை.

"ஆணி இருக்குன்னா ஆணியப் படம் போட்டுக் காட்ட வேண்டியதுதானே தம்பி, இதுல குண்டானுக்கு என்ன சோலி?"

சாவி

வலியசாலை அக்கிரகாரத்து ராமநாதன் சாமி எடை அளவுத் துறையில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைகளுக்குப் போய் தராசும் படியும் சரியா என்று பார்ப்பதுதான் முப்பது வருட வேலை. அளவு காட்டும் எந்தப் பொருளையும், தன் கையில் இருப்பதைத் தவிர, நம்பமாட்டார். அவர் காரில் குண்டான் எரிந்தது. நாலு டயரிலும் காற்று முப்பத்துமூன்று பவுண்டு வைத்து அனுப்பினோம். ஒரே வாரத்தில் திரும்பி வந்தார். வால்வு மாற்றினோம். மறு வாரமும் வந்தார். டயர்களைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்த்தோம், ஒரு குமிழிகூட வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வந்தார். ஒரே புகாரோடு திரும்பத் திரும்ப வரும் வண்டியின் நம்பரை எங்கள் மேனேஜர் காலை மீட்டிங்கில் என் பெயரோடு சேர்த்துத்தான் வாசிப்பார்.

அவரோடு மகள் வித்யாவும் வருவாள். கழக்கூட்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கிழக்கேகோட்டை போய் பஸ் பிடித்துப் போகிறாள். லைசென்ஸ் வாங்கி நாலு மாதம். ஒன்றாம் தேதியிலிருந்து அவளுக்குக் காலை ஆறரை மணி ஷிஃப்ட். காரைக் கொடுக்காவிட்டால் கம்பெனிக்குப் பக்கத்திலேயே ஹாஸ்டலில் சேர்ந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டாள். தாயில்லாத வீடு. அவளும் போய்விட்டால் சாமி ஒற்றையாள். அது அவருக்கும் தெரியும், பேசும்போது குரலில் தெரிந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"அந்த லைட் எரியற வரைக்கும் வித்யா கையில சாவி கிடையாதாக்கும்."

பொட்டு

பிறகு இரண்டு வாரம் சாமி வரவில்லை. லைட் அணைந்துவிட்டது, சாவி கொடுக்க நாள் பார்த்தாகிவிட்டது என்று வித்யா போனில் சொன்னாள். நான் மேனேஜரிடம் மார்தட்டிக்கொண்டேன். மறுநாளே சாமி வந்து நின்றார், விரல் நுனியில் ஒரு கறுப்பு ஸ்டிக்கர் பொட்டோடு.

குண்டானுக்குச் சரியாக மேலே, மீட்டர் கண்ணாடியில் அது ஒட்டியிருந்ததாம். தராசுத் தட்டுக்கு அடியில் கடைக்காரர்கள் புளியை உருட்டி ஒட்டுவார்கள், அதை விரலால் தடவியே கண்டுபிடித்த கை அல்லவா? காற்று இறங்கியும் லைட் எரியவில்லையே என்று மீட்டரைத் தடவியதும் அகப்பட்டுவிட்டது. வித்யா என் மேஜையிலிருந்த காலண்டரை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தாள். சாமி அவளைத் திட்டவில்லை. என்னிடம்தான் சொன்னார்.

"புளி ஒட்டினவா எத்தனையோ பேரைப் பிடிச்சிருக்கேன். ஆத்துலேயே ஒருத்தி பொட்டு ஒட்டுவாள்னு நினைக்கலை."

நாலும் சேர்ந்து

அன்றைக்கு அவர் ஒரு நோட்டும் கொண்டுவந்திருந்தார். தேதி வாரியாக, டயர் வாரியாக, காற்றின் அளவு. எங்கள் டயர் மெக்கானிக் ஷாஜி அதை வாங்கிப் புரட்டினான். முப்பத்துமூன்று, முப்பத்திரண்டு, முப்பத்தொன்று என்று இருபத்தைந்துக்கும் கீழே நாலு டயரும் கைகோத்துக்கொண்டு இறங்கியிருந்தன. ஷாஜி தலையைச் சொறிந்தான். "அண்ணா, நாலும் ஒண்ணிச்சு இறங்குனா அது பஞ்சர் அல்ல."

ஆயில் மாற்ற வந்திருந்த நம்முடைய அரிசி அண்ணாச்சி, சாமியைப் பார்த்ததும் பழைய பழக்கத்தில் எழுந்து நின்றுவிட்டார். சாமி வண்டிப் பக்கம் நகர்ந்த பிறகு என் காதோரம் குனிந்தார்.

"எங்க தராச மூணு தடவ நிறுத்துப் பாக்காம நகர மாட்டாரு, இப்ப எதப் போட்டு நிறுக்காரோ?"

புஸ்

எனக்குச் சுருக்கென்றது. நோட்டில் இருப்பது எங்கள் மீட்டரின் கணக்கு இல்லையே. "சாமி, காத்து எப்படிப் பாக்கீங்கன்னு ஒருக்கா காட்டுங்க" என்றேன். சட்டைப் பையிலிருந்து, கைக்குட்டையில் சுற்றிய, காற்று அளக்கும் ஒரு சின்ன கேஜை எடுத்தார். முன் டயரருகே குந்தி, வால்வில் வைத்து அழுத்தினார். புஸ். எழுதிக்கொண்டார். மறுபடியும் புஸ். மூன்றாவது புஸ். மூன்றுக்கும் சராசரி போட்டார். அடுத்த டயருக்கு நகர்ந்தார். "தினம் காலம்பற மூணு, சாயங்காலம் மூணு" என்றார் பெருமையாக.

வாரத்துக்கு ஒரு டயருக்கு நாற்பத்திரண்டு புஸ். வித்யா அதை வாய்விட்டுச் சொன்னாள். ஒவ்வொன்றிலும் துளி காற்று போகிறது. அளவு குறையக் குறைய அவர் இன்னும் கவனமாக அளந்திருக்கிறார். ஷாஜி சிரிப்பை அடக்க முடியாமல் ஜாக்கைத் தேடிப் போய்விட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பாவமாக இருந்தது. மகள் போகும் வண்டியாயிற்றே என்று தினமும் இரண்டு வேளை முட்டி வலிக்கக் குந்தியிருக்கிறார் மனிதர். சாமி கேஜை மறுபடி கைக்குட்டையில் சுற்றி, என் மேஜையில் வைத்தார்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும், ஆத்துல இருந்தா என் கை சும்மா இருக்காது."

எரியாத லைட்

ஒரு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை அதே கார் உள்ளே வந்தது. புகார் எழுதும் ஜாப் கார்டை எடுத்து வைத்துக்கொண்டேன். ஆனால் ஓட்டி வந்தது வித்யா. பக்கத்து சீட் காலி. தினமும் இதில்தான் வேலைக்குப் போய் வருகிறாளாம். ஹாஸ்டல் பேச்சே இப்போது வீட்டில் இல்லையாம். கண்ணாடியை இறக்கினாள். மறுபடியும் குண்டானா என்று கேட்டேன்.

"இல்லைண்ணா, ஒரு மாசமா எரியவே இல்லை, அதான் பல்பு ஃபியூஸ் போயிருக்கான்னு பாத்துண்டு வான்னு அப்பா அனுப்பினார்."

லைட் எரிந்தாலும் வருவார்கள், எரியாவிட்டாலும் வருவார்கள், இரண்டுக்கும் ஜாப் கார்டு எழுத வேண்டியவன் நான்தான்.