பகலில் தானாக விழித்த கணினி

எங்கள் வீட்டில் இரவு என்பது காலை நாஷ்டாவுக்குப் பிறகு வரும். கணவருக்கு இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் இரவு ஷிப்ட். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையிலிருந்து வரும் கம்பெனி பஸ் அவரைத் தெருமுனையில் இறக்கிவிட்டதும், உள்ளறை ஜன்னலில் நான் நீலத் தார்ப்பாயை இறக்கிவிடுவேன். வெயில் அதில் வடிந்து உள்ளே வரும்போது சுவர், கட்டில், கொடியில் கிடக்கும் சட்டை எல்லாம் குளத்தின் அடியில் இருப்பதுபோல் ஆகிவிடும். அந்த நீலத்துக்குள் அவர் படுத்துக்கொள்வார். மூலையில் என் கணினியின் சிறிய ஆரஞ்சு விளக்கு ஏறி இறங்கி, ஏறி இறங்கி எரிந்துகொண்டிருக்கும். ஸ்லீப்பில் போட்டிருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

கணினியை முன்னறைக்கு மாற்ற வழியில்லை. அது ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மத்தியானத்தில் அங்கே மனிதர்களே வெந்துபோவோம். உள்ளறை மட்டும் தளம் போட்டது. ஆகவே அவர் உறங்குமிடமும் என் வேலையிடமும் ஒன்றே. காலையில் அவர் வரும்வரை நான் தட்டச்சு செய்வேன். திருவள்ளூர் அச்சகம் ஒன்றுக்குக் கோயில் மலர்கள், கல்யாணப் பத்திரிகைகள், யாராவது தாத்தாவின் நூற்றாண்டு மலர் என்று வந்துகொண்டே இருக்கும். அவர் வந்து படுத்தால் கணினியை ஸ்லீப்பில் போட்டுவிட்டு முன்னறைக்கு வந்து பிழை திருத்துவேன். அவர் மாலையில் எழுந்ததும் விட்ட வரியிலிருந்து தொடர்வேன்.

முழுதாக அணைத்துவிட்டால் ஆயிற்றே என்று கேட்கலாம். பழைய பெட்டி அது. அணைத்தால் மறுபடி உயிர் வருவது அதன் இஷ்டம். பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருப்போம், வராது. இன்னொரு முறை, வராது. உள்ளே மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பாகம் தளர்ந்துவிட்டது, புதிது வரும்வரை அணைக்காதே, ஸ்லீப்பில் வைத்துக்கொள் என்று திருவள்ளூரில் கணினி பழுது பார்க்கும் தம்பி சொல்லியிருந்தான்.

ஆனால் ஸ்லீப் என்ற சங்கதியை என் கணவருக்குப் புரியவைக்க முடியவில்லை. அவர் கிரேன் ஆபரேட்டர். ஆலைக் கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடும் கிரேனின் கேபினில் உட்கார்ந்து, பழைய இரும்பைத் தொட்டியோடு தூக்கி உலை வாயில் கொட்டுகிறவர். அவர்கள் ஆலையில் ஒரு விதி உண்டு. நிற்கிற மெஷினுக்கு மின்சாரம் இருக்கக்கூடாது. மெயினை இழுத்து, பூட்டுப் போட்டு, சிவப்பு அட்டை தொங்கவிட்ட பிறகுதான் அது நின்ற மெஷின். இந்த விதி அவர் கையிலேயே ஊறியிருந்தது. மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், டிவி எதுவானாலும், தாண்டிப் போகிற வழியில் சுவர் ஸ்விட்சைத் தட்டிவிட்டுத்தான் போவார்.

சித்திரையில் ஒருநாள் மாலை கணினியை எழுப்பப் போனேன். ஆரஞ்சு விளக்கு இல்லை.

“இன்னாய்யா பண்ணே? சுவிட்ச கிவிட்ச தொட்டியா?”

“நின்னுக்கினு இருந்துச்சு. ஆஃப் பண்ணேன்.”

“நிக்கல, தூங்கிக்கினு இருந்துச்சு. காலைலேர்ந்து அடிச்சதெல்லாம் அதுக்குள்ள இருந்துச்சு.”

“மெஷின் தூங்குமாமே! ஒண்ணு ஓடணும், இல்ல நிக்கணும். நடுவுல இன்னா கீது?”

“நடுவுலதான் என் வேல கீது!”

சேமிக்காத ஒரு கோயில் மலரின் பாதி போய்விட்டது. அன்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டில் டிவியின் ஒலியைக் குறைத்தார்கள். சத்தம் ஓய்ந்ததும் அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, “இனிமே உன் பொட்டிய நான் தொடமாட்டேம்மே, சத்தியமா” என்றார். அதோடு அதை மறந்தும் போனேன்.

ஆனியில் அவரைக் கிரேனிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

அன்று காலை அவர் சாப்பிடாமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே நின்று சைகை காட்டுகிற ஆள் விசில் ஊதியும் அவர் நிறுத்தவில்லையாம். மறுபடி ஊதிய பிறகுதான் நிறுத்தினாராம். தொட்டி தூணில் இலேசாக இடித்து நின்றிருக்கிறது. யாருக்கும் அடியில்லை. பாதுகாப்பு அதிகாரி அவரைக் கூப்பிட்டுக் கண்ணைப் பார்த்திருக்கிறார். ஆடி முடியும்வரை கீழே கொக்கி மாட்டுகிற வேலை. அதன் பிறகு ஆலை டாக்டர் பார்த்து, தூக்கம் சரியாக இருக்கிறது என்று சொன்னால் மேலே. இல்லையென்றால் கீழேயேதான். கீழே இறங்கிய ஆபரேட்டர் யாரும் மறுபடி ஏறியதாக அந்த ஆலையில் பேச்சில்லை. அவருக்கோ அந்தக் கேபின்தான் உலகம். இருபது வயதில் ஏறியது.

“ஏன்யா, பகல்லதான் தூங்குறியே?”

அவர் மூலையைக் கண்ணால் காட்டினார். “அது எழுந்துக்குது.”

“எது?”

“உன் பொட்டி. அதுவா எழுந்துக்குது. ஃபேனு சுத்துது, வெளிச்சம் அடிக்குது. கொஞ்ச நேரம் முழிச்சிக்கினு இருந்துட்டு அதுவா படுத்துக்குது. நான் கண்ண மூடறேன், திரும்ப எழுந்துக்குது. பேஜாருமே.”

“என்னைக் கூப்பிடலாமில்ல? இல்ல சுவிட்ச...”

“தொடமாட்டேன்னு சொன்னேனே.”

கணினி பழுது பார்க்கும் அந்தத் திருவள்ளூர்த் தம்பியின் கடையை விட்டால் எனக்கு வேறு போக்கிடம் தெரியவில்லை. ஆடிக் கூட்டத்தில் பஸ் பெரியபாளையத்தைத் தாண்டவே வெகுநேரமாயிற்று. வேப்பிலைக் கட்டும் மஞ்சள் துணியுமாக ஏறிய பெண்கள், மடியில் நான் வைத்திருந்த சிபியுவைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். “இன்னாக்கா அது, மிக்ஸியா?” என்றாள் ஒருத்தி. கம்ப்யூட்டர், தூக்கம் வரமாட்டேங்குது என்றேன். “அம்மன் கிட்ட வேண்டிக்க” என்று மடியில் ஒரு வேப்பிலைக் கொத்தை வைத்துவிட்டு இறங்கினாள்.

கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் கடை வைத்திருக்கும் அந்தத் தம்பி கேட்டுவிட்டுச் சிரித்தான். “அப்டேட்டுக்கா. தூங்குறப்போ அதுவே எழுந்து அதோட வேலைய பாத்துக்கும். மாமா மாதிரி அதுக்கும் ஷிப்ட்டுன்னு வெச்சிக்கோயேன்.” பவர் ஆப்ஷன்ஸில் போய், குறித்த நேரத்துக்கு எழுப்பும் டைமரை நிறுத்தினான். இன்டர்நெட் ஒயர் வழியாகவும் எழுப்பலாம் என்று அந்த வழியையும் அடைத்தான். அவன் அழுத்தியபோது இரண்டாம் தடவையிலேயே உயிர் வந்தது. “இன்னிக்கு நல்ல நாளு” என்றான்.

மறுநாள் பகலில் அது மறுபடியும் எழுந்தது.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. தெருவில் எந்த ஆலைச் சங்கு எந்த மாதத்தோடு நின்றது, எந்த மழையில் தரைப்பாலம் மூழ்கியது என்று தேதியோடு எழுதி வைப்பவள் நான். யாரும் கேட்டதில்லை, யாருக்கும் காட்டியதுமில்லை. நூலகத்திலிருந்து மாதாமாதம் எடுத்து வரும் சரித்திரப் புத்தகங்கள் பிடித்துவிட்ட கிறுக்கு. உலகத்தில் திரும்பத் திரும்ப நடக்கிற எதற்கும் ஒரு முறைமை இருக்கும், குறித்துக்கொண்டே வந்தால் அது பிடிபடும் என்பது என் நம்பிக்கை. எனவே கணினி விழித்த நேரங்களை அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒருநாள் அது முற்பகலிலேயே எழுந்தது. ஒருநாள் எழவே இல்லை. ஒருநாள் அடுத்தடுத்து எழுந்தது. வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் வேறுபாடில்லை. என் கிறுக்கு எனக்கு உதவவில்லை.

திரையை மட்டும் அணைத்துப் பார்த்தேன். பயனில்லை. அவரை எழுப்புவது வெளிச்சமல்ல, விசிறி சுழலத் தொடங்கும் அந்த முதல் ஒலி. “மோட்டார் ஸ்டார்ட் ஆவுற சத்தம் கேட்டா தானா முழிப்பு வந்துடும்மே” என்றார். அவர் தொழிலில் எதிர்பாராமல் ஒரு மோட்டார் கிளம்பினால் கீழே யாராவது இருக்கிறார்களா என்பதுதான் முதல் நினைப்பு.

ஆடி முடிய அதிக நாள் இல்லை. ஒரு பகல், வேலையை அப்படியே போட்டுவிட்டு நானும் போய் அவர் பக்கத்தில் படுத்தேன்.

அவர் உறங்கத் தொடங்கியிருந்தார். வலது கை மட்டும் போர்வையின் மேல் மெல்ல முன்னும் பின்னும் நகர்ந்தது. கேபினின் கைப்பிடியைப் பிடித்திருந்தது அந்தக் கை. கனவில் எதையோ தூக்கிக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். ஆரஞ்சு விளக்கு ஏறி இறங்கியது. என் கண்ணும் சொருகியது. நானும் ஏதோ உயரத்தில் இருப்பதுபோலவும், கீழே நீலத் தண்ணீரில் எங்கள் தெரு கிடப்பதுபோலவும், கோயில் மலரின் எழுத்துகள் மீன்களைப்போலக் கூரைகளுக்கு மேல் போவதுபோலவும் இருந்தது. உறக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே அப்படிக் கிடந்தபோது கட்டில் நடுங்கியது. மிக மெல்லிய நடுக்கம். எலும்புக்கு மட்டும் தெரிவது. மேஜை மேல் டம்ளரில் இருந்த தண்ணீரில் வட்டங்கள் தோன்றின. அதன் பக்கத்தில் மவுஸ், யாரும் தொடாமல், ஒரு எள்ளளவு நகர்ந்தது.

விசிறி கிளம்பியது. திரை வெளுத்தது. அவர் கண் திறந்தார்.

“பாத்தியா? எழுந்துக்கிச்சா?”

“பேசாத, கேளு.”

“இன்னா கேக்கறது?”

“ரயிலுய்யா.”

அவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். அத்திப்பட்டுப் பக்கம் நிலக்கரி ஏற்றிக்கொண்டு போகிற சரக்கு வண்டி, முடிவே இல்லாமல் எங்கள் சுவருக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. “ஆமா, ரயிலு” என்றார் வியப்போடு. தண்டவாளத்தை ஒட்டிய வீட்டுக்குக் குடிவந்த புதிதில் அந்தச் சத்தத்தில் பேச்சை நிறுத்திக் காத்திருப்போம். இப்போது அது எங்கள் காதில் விழுவதே இல்லை. யூனிட் என்று நாங்கள் சொல்லும், கால அட்டவணைப்படி ஓடும் மின்சார ரயில்கள் இலேசானவை, மேஜையை அசைப்பதில்லை. சரக்கு வண்டிக்கோ அட்டவணையே கிடையாது. பாதை எப்போது காலியோ அப்போது வரும். நான் தேடிய முறைமை எங்கே கிடைக்கும்? பங்குனியில் எதிர்ச்சுவர் ஓதம் அடித்ததால் மேஜையை இரயில் பக்கச் சுவரோடு ஒட்டிப் போட்டதும் நானேதான்.

ரயில் மேஜையை அசைக்கிறது, மேஜை மவுஸை அசைக்கிறது, மவுஸ் அசைந்தால் கணினி எழுந்துவிடும் என்று சொன்னேன். அவர் எழுந்து உட்கார்ந்து மவுஸை உற்றுப் பார்த்தார். “இத்துனூண்டு எலி, அத்தாம் பெரிய பொட்டிய எழுப்புதா?” என்றவர், சட்டென்று முகம் மாறி, “நா தொடலாமா?” என்று கேட்டார்.

“தொடுய்யா.”

அதைத் தூக்கி மல்லாத்தி வைத்தார். அதன் வயிற்றிலிருந்த சிவப்பு வெளிச்சம் உத்தரத்தில் ஒரு சின்ன வட்டமாக விழுந்தது. இருவரும் படுத்துக்கொண்டே அதைப் பார்த்தோம்.

மாலையில் முறையாகச் செய்தேன். டிவைஸ் மேனேஜரில் மவுஸின் பெயரைத் திறந்தால், இந்தக் கருவி கணினியை எழுப்பலாம் என்று ஒரு கட்டத்தில் டிக் இருந்தது. அதை எடுத்தேன். விசைப்பலகைக்கு மட்டும் அந்த உரிமையை விட்டுவைத்தேன். மேஜையையும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டோம். பிறகு நான் கணினியை ஸ்லீப்பில் போட, அவர் மேஜையைக் கையால் குலுக்கினார்; பிறகு இடுப்பால் இடித்தார். அது எழவில்லை. “கெட்டிக்காரன்டா” என்று அதைத் தட்டிக்கொடுத்தார். பூட்டுப் போடாத ஒரு மெஷினை அவர் பாராட்டி நான் பார்த்தது அப்போதுதான்.

பிறகு வந்த பகல்களில் அவர் உறங்கினார். முன்னறையில் பிழை திருத்திக்கொண்டிருக்கும்போது எனக்கு மட்டும் இரயில் கேட்கத் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு சரக்கு வண்டிக்கும் பேனாவை நிறுத்திவிட்டு உள்ளறையைக் கவனிப்பேன். குறட்டை மட்டும் வரும்.

ஆவணி பிறந்ததும் ஆலை டாக்டர் பார்த்தார். என்ன சொன்னார் என்று போன் செய்து கேட்கத் தைரியம் வரவில்லை. மறுநாள் காலை பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவரின் சட்டையைப் பார்த்தேன். கீழே வேலை செய்கிற நாட்களில் தோளெல்லாம் துருப்பொடி படிந்திருக்கும். அன்று தோள் சுத்தமாக இருந்தது.

“ஏத்திட்டாங்களா?”

“ஏத்திட்டாங்கமே.” இட்லியை வேகவேகமாக விழுங்கினார். உள்ளே போய்ப் படுத்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டார். நான் தார்ப்பாயை இறக்கிவிட்டு வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

“ஏணி ஏறச்சொல்ல புதுசா ஏறுறவன் மாதிரி கெட்டியா புடிச்சிக்கினே போனேன், தெரியுமா? மேல போயி உக்காந்ததும் ஒண்ணும் இல்ல. கேபின் கண்ணாடிய எவனோ தொடைக்கவே இல்ல, ஒரே தூசி. தொடச்சேன். கீழ உலைய தொறந்தானுங்களா, அந்த வெளிச்சம் அப்டியே மேல வந்து கூரையில பட்டு... அப்போ பாரு, அந்தத் தகரத்துல...”

தகரத்தில் என்ன என்று காத்திருந்தேன். அவர் மூச்சு நீண்டு, ஆழ்ந்து, சீராகிவிட்டது. எழுந்து, கதவைச் சாத்திக்கொண்டு முன்னறைக்கு வந்தேன்.