ராணி போனால் நாமும் போக வேண்டுமா?

சிட்னியின் நார்த்மீட்டில் எங்கள் தேவாலயத்தில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பக்கத்து மண்டபத்தில் தேநீர் குடிப்போம். 1999ஆம் வருடம் அந்த மண்டபத்தில் வேறு பேச்சே இல்லை. ஆஸ்திரேலியா இங்கிலாந்து ராணியை விட்டு விலகிக் குடியரசாக வேண்டுமா, வேண்டாமா என்று நவம்பர் மாதம் நாடு முழுவதும் வாக்கெடுப்பு. ஆளுக்கொரு கட்சி. சத்தம் காதைப் பிளக்கும். ராஜகுமாரி மட்டும் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நிற்பார்.

அவர் மலேசியாவின் ஜொகூர் பாருவில் பிறந்தவர். பரமட்டா பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். அப்போது நாற்பத்தெட்டு வயது. அதிகம் பேசமாட்டார். ஒரு ஞாயிறு திடீரென்று கேட்டார்.

"ராணி போனா காமன்வெல்த்தும் போயிடும்னு சொல்றாங்களே, அப்ப நாம வாங்குன சிட்டிசன்ஷிப் செல்லுமா?"

சென்னைக்காரரான நாகராஜன் சிரித்துவிட்டார். "அக்கா, இந்தியா குடியரசாகி அம்பது வருஷம் ஆகப்போகுது. இன்னும் காமன்வெல்த்துலதானே இருக்கு? ஒண்ணும் ஆகாது."

"எங்களுக்கும் அப்படித்தான் சொன்னாங்க," என்றார் ராஜகுமாரி. எப்போது, யார் சொன்னார்கள் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. பின்னாளில் என்னிடம் அவரே சொன்னார்.

அவருடைய அப்பா அந்தோணிசாமி நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து சின்ன வயதில் கப்பலேறி வந்தவர். சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை. தினமும் ஜொகூர் பாலத்தைச் சைக்கிளில் கடந்து போய்வருவார். மலேசியாவும் சிங்கப்பூரும் ஒன்றாகச் சேர்ந்திருந்த காலம் அது. ஒரே நாடு, இனி ஒரே சந்தை என்றார்கள். பிறகு 1965 ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை காலை, சிங்கப்பூர் தனி நாடு என்று ரேடியோ சொன்னது. ராஜகுமாரிக்கு அப்போது பதினாலு வயது. பிரியலாமா என்று ஜனங்களை யாரும் கேட்கவில்லை.

அப்பாவிடம் இரண்டு பக்கத்துக் குடியுரிமையும் இல்லை. குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் சிவப்பு அடையாளக் கார்டுதான் இருந்தது. "குடியுரிமைக்கு எழுதிக் கொடுங்க," என்று அம்மா நச்சரிப்பார். "ஒரு வருஷத்துல திரும்பச் சேந்துடுவாங்க. நம்மள அனுப்பவா போறாங்க? அப்படியெல்லாம் செய்யமாட்டாங்க." என்பார் அப்பா. பாலத்தில் கடவுச்சீட்டு கேட்க ஆரம்பித்தார்கள். வேலை அனுமதி இல்லாதவர்களைப் பட்டறை நிறுத்தியது. ஜொகூரிலேயே ஒரு கடையில் சேர்ந்தார். 1969 இனக்கலவரத்துக்குப் பிறகு அங்கேயும் சிவப்புக் கார்டுக்கு வேலை அனுமதி வேண்டும் என்றார்கள், கிடைக்கவில்லை. அவரைப் போல ஆயிரக்கணக்கானவர்கள் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். ஒரு வருடத்தில் திரும்புகிறேன் என்று போனவர் நாகப்பட்டினத்திலேயே காலமானார். அந்தச் செய்தி வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது.

அதனால்தான் சிட்னிக்கு வந்த பிறகு, குடியுரிமை கேட்கத் தகுதி வந்த உடனேயே ராஜகுமாரி விண்ணப்பித்தார். 1988இல் வேதாகமத்தில் கை வைத்து, ராணிக்கும் அவர் வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்று உறுதி சொன்னார். இப்போது அந்த ராணியே வேண்டாம் என்றால், ராணியிடம் சொன்ன உறுதி என்ன ஆகும்? இதுதான் அவரை அரித்தது.

செப்டம்பரில் ஒரு மாலை தொலைபேசி அடித்தது. கருத்துக்கணிப்பு. மரியாதையான ஆண் குரல். குடியரசுக்கு ஆதரவா, எதிர்ப்பா?

"என் பேரு உங்களுக்குத் தெரியுமா?" என்று ராஜகுமாரி ஆங்கிலத்தில் கேட்டார்.

தெரியாது, எண்ணைத்தான் கணினி தேர்ந்தெடுக்கிறது என்றது குரல். அவர் நம்பவில்லை. "தெரியாது," என்று பதில் சொல்லிவிட்டு வைத்தார். அடுத்த வாரம் மலேசியாப் பேச்சு மாறாத அவர் கணவர் மோகனதாஸ் பேப்பரை விரித்துக்கொண்டு, "இன்னும் முடிவே பண்ணாத ஜனம் இவ்வளவு பேரு இருக்கு, பாரு லா. இதுங்க எங்கதான் இருக்குதுங்களோ?" என்றார். ராஜகுமாரி அடுப்பைப் பார்த்தபடி நின்றார்.

மகள் ராதா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். குடியரசு வேண்டும் என்று எழுதிய பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்டு திரிந்தாள். "மம்மி, இது நம்ம நாடு," என்று ஆங்கிலத்தில் சொல்வாள். அந்தப் பேட்ஜோடு அவள் ரயிலேறும் நாட்களில், திரும்பி வரும்வரை ராஜகுமாரிக்கு வேலை ஓடாது.

முதியோர் இல்லத்தில் பென்னட் என்று ஒரு கிழவர் இருந்தார். எண்பத்துமூன்று வயது. இங்கிலாந்தின் யார்க்ஷயரிலிருந்து வந்து நாற்பது வருடத்துக்கு மேலாகியும் குடியுரிமை வாங்காதவர். வாக்காளர் பட்டியலில் முன்பே இருந்த பிரிட்டிஷ்காரர்கள் என்பதால் அவரைப் போன்றவர்களுக்கு ஓட்டு மட்டும் உண்டு. மனைவியைச் சிட்னியிலேயே ரூக்வுட் கல்லறையில் அடக்கம் செய்திருந்தார். ஒரு காலை, அவருடைய ரத்த அழுத்தம் என்றுமில்லாமல் எகிறியிருந்தது.

"சிஸ்டர், ராணியை எடுத்துவிட்டால் நான் இங்கே அந்நியன். என்னைத் திருப்பி அனுப்புவார்களா?" என்று கேட்டார். "அங்கே எனக்கு யாருமே இல்லை."

அதுவரை இந்தப் பயம் தன்னைப் போல வந்தேறியவர்களுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தார் ராஜகுமாரி. வெள்ளைக்காரர் ஒருவர் அதே வார்த்தைகளைச் சொன்னதும் அவருக்கு ஆறுதல் வரவில்லை. கிலி இரட்டித்தது. இவரையே அனுப்பலாம் என்றால் நான் எம்மாத்திரம்?

"அப்படியெல்லாம் செய்யமாட்டார்கள்," என்றார். அது தன் அப்பாவின் வார்த்தை என்பது வாயை விட்டு வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது.

நவம்பர் முதல் வாரம் தேர்தல் அதிகாரிகள் பெட்டியோடு இல்லத்துக்கே வந்தார்கள். இந்த வாக்கெடுப்பில் கட்டத்துக்குள் ஆம் அல்லது இல்லை என்று கையால் எழுத வேண்டும். பென்னட்டின் விரல்களில் பென்சில் நிற்கவில்லை. உதவிக்கு யாராவது வேண்டுமா என்று அதிகாரி கேட்டார். அவர் ராஜகுமாரியைக் காட்டினார். மறைப்புக்குப் பின்னால் அவர் காதோடு சொன்னதை ராஜகுமாரி எழுதினார்: இல்லை.

சனிக்கிழமை பள்ளிக்கூட வாக்குச்சாவடியில் தன்னுடைய சீட்டு. வெளியே, இங்கே வாக்கு நாளில் வழக்கமான சாசேஜ் வாட்டும் புகை, பிள்ளைகளின் கூச்சல். தன் கையெழுத்தை யாராவது அடையாளம் கண்டுகொள்வார்களோ என்று பயந்து, பள்ளிப் பிள்ளை மாதிரி அச்செழுத்தில் எழுதினார். அவரும் இல்லை என்றே எழுதினார். ராதா வாசலில் துண்டுப்பிரசுரம் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்காமல் வேறு கதவு வழியாக வெளியேறினார்.

'இல்லை'தான் ஜெயித்தது. ராதா அழுதாள். திங்கட்கிழமை ராஜகுமாரி நேரே பென்னட்டின் அறைக்குப் போனார். காலை உணவு தொடாமல் ஆறியிருந்தது.

"ஜெயித்துவிட்டோமே, மிஸ்டர் பென்னட்."

"இந்தத் தடவை," என்றார் கிழவர். "மறுபடியும் கேட்பார்கள் இல்லையா?"

ராஜகுமாரி கட்டிலோரம் உட்கார்ந்தார். தானும் அந்தக் காலையில் நிம்மதியாக எழவில்லை என்பதை அப்போதுதான் ஒப்புக்கொண்டார். ராணி இருந்தும் பயம் அப்படியே இருந்தது. கணவரிடம்கூட முழுதாகச் சொல்லாத அப்பாவின் கதையைக் கிழவரிடம் சொன்னார்.

பென்னட் ஆறிய தட்டை ஒதுக்கி வைத்தார். "உங்கள் அப்பா என்ன செய்திருக்க வேண்டும்?"

"கொடுக்கிறபோதே வாங்கியிருக்க வேண்டும். நீங்களும் வாங்குங்கள். இன்றைக்கே."

உண்மையில் அவரை யாரும் அனுப்பியிருக்க மாட்டார்கள். அது ராஜகுமாரிக்கும் பாதி தெரியும். ஆனால் அவர் விடவில்லை. விண்ணப்பத்தை அவரே நிரப்பினார். அடுத்த இலையுதிர் காலத்தில் குடியுரிமை வழங்க நகரசபையிலிருந்து மேயர் இல்லத்துக்கே வந்தார். சாப்பாட்டுக் கூடத்தில் கொடி வைத்து, சக்கர நாற்காலியில் கோட்டும் டையுமாகப் பென்னட்டை உட்கார வைத்தார்கள். அட்டையைப் பார்த்து உறுதிமொழியை வாசிக்கத் தொடங்கியவர் நடுவில் நிறுத்தினார்.

"ராணி எங்கே?"

சில வருடங்களுக்கு முன்பே அந்த வாசகத்திலிருந்து ராணியின் பெயரை எடுத்திருந்தார்கள். ஆஸ்திரேலியாவுக்கும் அதன் மக்களுக்கும் என்றுதான் இருந்தது. வாசிக்காமலே விட்டுவிடுவாரோ என்று ராஜகுமாரி ஓரடி முன்னால் வந்தார். பென்னட் அவரைத் தேடிப் பார்த்தார். ராஜகுமாரி, வாசியுங்கள் என்று தலையை அசைத்தார். கிழவர் தொண்டையைச் செருமிக்கொண்டு மீதியை வாசித்து முடித்தார்.

எல்லோரும் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் ராஜகுமாரியின் கையைப் பிடித்தார்.

"இனி என்னை அனுப்ப முடியாது, இல்லையா?"

"முடியாது."

"உங்களை?"

ராஜகுமாரி அவருக்குத் தேநீர் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு, ஏற்கெனவே தேநீர் ஊற்றிய கோப்பை பக்கத்திலேயே இருக்க, சமையலறைப் பக்கம் போனார்.