தொடைக்கடியில் பத்து விரல்

என் மருமகள் கீபோர்டில் கை வைத்தால் மூன்று கண்டத்துத் திருடர்களுக்குக் காய்ச்சல் வந்துவிடும். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன்; எங்கள் வைஃபையைத் திருடிய மாடிவீட்டுக்காரனுக்கு ஜலதோஷமாவது பிடித்தது. அப்பேர்ப்பட்டவள் ஒரு மாதமாகக் காலையில் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் செருகிக்கொண்டு உட்காருகிறாள்.

"வெளிய விட்டா மெஷின்கிட்ட ஓடிடும் அத்தை."

எல்லாம் கணினிப் பாதுகாப்புச் சான்றிதழ்த் தேர்வு படுத்தும் பாடு. நெட்வொர்க், ரகசியக் குறியீடு என்று வரும் பாதியில் அவள் புலி. மனிதர்கள், விதிமுறைகள், யாரிடம் எதை எப்படிச் சொல்வது என்கிற மறுபாதியில் இரண்டு முறை குப்புற விழுந்தாள். இன்று பிற்பகல் மூன்றாவது முறை. இதிலும் போனால், கம்பெனியில் அவளுக்கென்று வைத்திருக்கும் பாதுகாப்புப் பிரிவுத் தலைவர் நாற்காலியில் வெளியாள் உட்கார்ந்துவிடுவான்.

கேள்வி வாசிப்பது என் வேலை. "ஊழியர்களுக்குப் பாதுகாப்பு உணர்வை எப்படி ஊட்டுவீர்கள்?"

"எல்லார் மவுஸையும் புடுங்கிட்டா போச்சு!"

பேச்சுக்குச் சொல்லவில்லை; செய்யக்கூடியவள். தப்பான மெயிலைத் திறந்த ஸ்டோர்ஸ் குமாஸ்தாவை ஒருமுறை, "கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" என்று கேட்டுவிட்டாள். அடுத்த முறை வைரஸ் வந்தபோது அந்த மனிதர் பயத்தில் இரண்டு நாள் மூச்சுவிடவில்லை. கம்பெனியே படுத்துவிட்டது.

இன்று பாதிப் பயிற்சியில் அதே குமாஸ்தாவின் போன். என் மகன் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டான். லேப்டாப்பை அவள் கைக்கு எட்டாமல் மேசைக்கடியில் தள்ளிவைத்திருந்தவனும் அவன்தான்.

"மேடம்... ஏதோ லிங்க்கை அமுக்கிட்டேன். ஸ்கிரீன் பூரா செவப்பா..." குரல் உடைந்தது.

நான் காதைப் பொத்திக்கொள்ளத் தயாரானேன். தொடைக்கடியிலிருந்த கைகள் அசையவில்லை.

"பதறாதீங்க சார். ஒடனே சொன்னீங்களே, அதுவே பெரிய உதவி. நெட் வயரை மட்டும் கழட்டுங்க. இதே மெயில் வேற யாருக்கு வந்திருக்குன்னு பக்கத்துல கேளுங்க. உங்களை யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க, நான் பேசிக்கறேன்."

மறுமுனையில் அழுகை நின்றது. "சரிங்க மேடம். அக்கவுண்ட்ஸ்ல ஒருத்தருக்கும் வந்திருக்காம், அவர் வயரையும் கழட்டச் சொல்றேன்" என்றது குரல்.

போன் அடங்கியதும் மகனிடம் மார்தட்டினேன். "பார்த்தியாடா என் டியூஷனை! முழுசா பத்து நிமிஷம், மெஷின் பக்கமே போகாம பேசியிருக்கா!"

"ரெண்டு நிமிஷம்மா," என்றான். "அதுவும்..." மேசைவிரிப்பைத் தூக்கிக் காட்டினான்.

கீழே, மூடி திறந்திருந்த லேப்டாப்பின் பவர் பட்டனை என் மருமகளின் கால் கட்டைவிரல் அழுத்திக்கொண்டிருந்தது.