கண்ணாடி உடைந்த இடம்

என் அண்ணி குழந்தைகள் டாக்டர். வீட்டில் அவரைப் பார்ப்பது அத்தி பூத்த மாதிரி. அண்ணன் பாதி மாதம் வெளியூரில் இருப்பான். மாடியில் அவர்கள் குடித்தனம், கீழே நானும் என் தையல் மெஷினும். அவர்கள் மகளைப் பள்ளியில் விடுவது யார், அழைத்து வருவது யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அண்ணியிடம் ஒரு பழக்கம் உண்டு. எதைச் சொன்னாலும் நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். வார்டில் அதுதான் வழக்கமாம். டாக்டர் மருந்தைச் சொன்னால் நர்ஸ் அதை உரக்கத் திருப்பிச் சொல்வார். டாக்டர் ‘சரி’ என்றால்தான் ஊசியைத் தொடுவார், ‘தப்பு’ என்றால் மறுபடி முதலிலிருந்து. அண்ணி அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். “பால் வாங்கிடு” என்பார். “பால் வாங்கிடறேன்” என்று நான் ஒப்பிக்காவிட்டால் இடத்தை விட்டு நகர மாட்டார்.

“நான் என்ன கிளிப்பிள்ளையா அண்ணி?”

“கிளியா இருந்தாலும் பரவாயில்ல. சரியாச் சொன்னாப் போதும்.”

அன்று மதியம் வாசலில் கார் நின்றும் எஞ்சின் நிற்கவில்லை. முந்தின நாள் காலையில் வேலைக்குப் போனவர், அடுத்த ஆள் வராததால் இரவும் இருந்து, மறுநாள் காலையும் இருந்துவிட்டு வந்திருக்கிறார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நான் கையை உள்ளே விட்டு சாவியைத் திருப்பினேன். அப்போதுதான் பார்த்தேன், பக்கவாட்டுக் கண்ணாடி உடைந்து ஒயரில் தொங்கியது. கதவு நெடுக ஒரு கீறல்.

“எங்க இடிச்சீங்க?”

அண்ணி அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “தெரியல” என்றார். கதவைத் திறந்து இறங்கி, “நான் எப்படி வீட்டுக்கு வந்தேன்?” என்று கேட்டார்.

விளையாடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் இல்லை என்று புரிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் வழியில்தான் பள்ளிக்கூடம். சின்னப் பிள்ளைகளை வெளியே விடும் நேரம் அது; எங்கள் பெண்ணுக்குச் சாயங்காலம்தான் விடும்.

“யாரையாவது இடிச்சிருப்பேனா?”

“சும்மா இருங்க அண்ணி. சுவத்துல உரசியிருக்கும்” என்றேன். என் குரலை நானே நம்பவில்லை.

அவரை என் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்த வழியே திரும்பினேன். அவர் விரல்கள் என் இடுப்பைக் கவ்விப் பிடித்திருந்தன. எங்காவது கூட்டம் தெரிந்தால் வண்டியை மெதுவாக்கி எட்டிப் பார்த்தேன். பள்ளி வாசலில் பழக்கடைக்காரரிடம், “இங்க ஏதாவது ஆக்சிடெண்டா?” என்று கேட்டேன். “இல்லையேம்மா” என்றார். அண்ணிக்கு அது போதவில்லை. இறங்கிப் போய்ச் சாலை ஓரத்தைக் குனிந்து பார்த்தார். ஒரு குட்டிச் செருப்பு கிடந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

“இது நேத்திக்கே கிடந்துச்சு” என்றார் பழக்கடைக்காரர்.

ஆஸ்பத்திரிக்குப் போய் அவசரப் பிரிவில் பார்த்துவிட வேண்டும் என்றார் அண்ணி. இடிபட்டவர்களை அங்கேதான் கொண்டுவருவார்கள். அந்த இடத்தை அவர் டாக்டராக எத்தனையோ முறை கடந்திருப்பார். அன்று குற்றவாளி மாதிரி நுழையப் போனார். நான் கடவுளை வேண்டிக்கொண்டே வண்டியை ஓட்டினேன்.

வெளி வாசலிலேயே காவலாளி கையைக் காட்டி நிறுத்தினார். “டாக்டரம்மா, உங்க கண்ணாடி மூடி என்கிட்டதான் இருக்கு. கொஞ்சம் முன்னாடி இந்தத் தூணுல இடிச்சிட்டுப் போனீங்களே. கத்தினேன். கையை ஆட்டிட்டுப் போயிட்டீங்க.”

தூணில் எங்கள் கார் நிறம் கோடாக இழுபட்டிருந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. “தூணுக்குக் கட்டுப் போட்டுட்டுக் கிளம்பலாம் அண்ணி” என்றேன்.

அண்ணி சிரிக்கவில்லை. முகம் முன்பைவிட வெளுத்திருந்தது.

“இங்கேயேவா?” என்றார். “வாசல் தாண்டறதுக்கு முன்னாடியே எனக்கு நினைவு இல்லையா? அப்ப வார்டுல?”

எனக்குப் புரிவதற்குள் படியேறி ஓடினார். கிளம்புமுன் கடைசியாக எல்லாக் குழந்தைகளையும் பார்த்து மருந்து சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அதில் ஒன்றுகூட அவர் நினைவில் இல்லை. கைக்குழந்தைக்கு மருந்தின் அளவில் ஒரு புள்ளி இடம் மாறினால் மருந்தே விஷம் என்று அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார்.

வார்டில் நான் பின்னாலேயே நின்றேன். சன்னல் ஓரத்துக் கைக்குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்குவதைக் குனிந்து பார்த்தார். பிறகு நர்ஸிடம் திரும்பினார்.

“சிஸ்டர், காலைல நான் என்ன சொன்னேன்?”

நர்ஸ் ஒவ்வொரு குழந்தைக்கும் சொல்லச் சொல்ல, அண்ணி விரல்விட்டுக் கணக்குப் போட்டார். எல்லாம் சரியாகவே இருந்தது. “நான் திருப்பிச் சொன்னேன், நீங்களும் சரின்னீங்க டாக்டர்” என்றார் நர்ஸ். கைக்குழந்தையின் அம்மா சிரித்துக்கொண்டே, “உங்க பொண்ணும் பிறந்தப்ப இப்படித்தான் இருந்தாள்னு சொன்னீங்களே” என்றாள். அண்ணி தலையாட்டினார். சொன்னது அவருக்கு நினைவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. யாரோ ஒருத்தி அண்ணியின் கோட்டைப் போட்டுக்கொண்டு காலை முழுதும் வைத்தியம் பார்த்திருக்கிறாள். அவள் கைராசி, இன்றைக்குக் குழந்தைகள் தப்பித்தார்கள்.

அந்த நேரம் பெரிய டாக்டர் வேகமாக உள்ளே வந்தார். “அட, இங்கதான் இருக்கீங்களா, நல்லதாப் போச்சு. சாயங்காலத்துக்கு ஆள் இல்ல. கொஞ்சம் பாத்துக்கறீங்களா?”

“சரி சார்” என்றார் அண்ணி.

யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. அன்று முழுக்க நான் பயந்ததெல்லாம் ஒன்றுமில்லை, அந்த ‘சரி சார்’தான் என்னைக் குலை நடுங்க வைத்தது. வாயைத் திறந்தேன். என்னை யார் அங்கே கேட்கப் போகிறார்கள்?

நர்ஸ் வழக்கம்போல உரக்கத் திருப்பிச் சொன்னார். “சாயங்கால டியூட்டியும் டாக்டரே பாக்கறாங்க.” சொல்லிவிட்டு அண்ணியின் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார்.

அண்ணி சன்னல் ஓரத்துக் கட்டிலைப் பிடித்துக்கொண்டார்.

“தப்பு சிஸ்டர்” என்றார். “நான் பாக்கல. என்னால முடியாது. வேற ஆளக் கூப்பிடுங்க.”

பெரிய டாக்டர் ஏதோ சொல்ல வந்தார். நர்ஸ் அவரைப் பார்க்காமல் அண்ணியிடமே திருப்பிச் சொன்னார்.

“டாக்டர் பாக்கல. அவங்களால முடியாது. வேற ஆளக் கூப்பிடணும்.”

“சரி” என்றார் அண்ணி.