அன்னத்துக்கு எவ்வளவு போடலாம்

பழைய பம்ப்செட் பார்க்கப் போன என் வீட்டுக்காரர் பழைய அன்னப் படகோடு திரும்பி வந்தார். கோவைக்கு வெளியே ஒரு கேளிக்கைப் பூங்காவை மூடிவிட்டு, உள்ளே இருந்ததையெல்லாம் விற்றுக்கொண்டிருந்தார்கள். மோட்டார்கள் துருப்பிடித்துக் கிடந்தனவாம். அன்னம் மட்டும் வெள்ளையாக நின்றதாம். இரண்டு பேர் உட்கார்ந்து காலால் மிதித்து ஓட்டும் ஃபைபர் படகு அது. கழுத்து மட்டுமே ஆள் உயரம் இருக்கும். சின்ன லாரியில் ஏற்றி காந்திபுரம் வழியாகக் கொண்டுவந்தார். டவுன் பஸ்ஸிலிருந்து நாலைந்து பேர் கும்பிட்டார்கள் என்று பெருமையாகச் சொன்னார். சாமி புறப்பாடு என்று நினைத்திருப்பார்கள்.

தாராபுரத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு தென்னந்தோப்பு உண்டு. அங்கே தண்ணீர் தேக்க வெட்டிய பண்ணைக்குட்டையில் அன்னத்தை இறக்கினார். நாங்கள் கோவையில் பம்ப் ஒர்க்‌ஷாப் நடத்துகிறோம், ஞாயிற்றுக்கிழமைதான் தோப்புக்குப் போவோம். மற்ற நாளெல்லாம் அன்னம் தனியாக இருக்குமே என்ற கவலை அவரைப் பிடித்துக்கொண்டது. சாப்பிடும்போது திடீரென்று, "தேங்கா உழுந்தா என்ன பண்றது, அம்மணி?" என்பார்.

என் பெரியம்மா மகன் இன்சூரன்ஸ் ஏஜென்ட். எனக்குத் தம்பி முறை. லாரிக்கும் கறவை மாட்டுக்கும் பாலிசி போட்டுப் பழகியவனுக்குப் படகு புதிது. கம்பெனியில் விசாரித்துவிட்டு வீட்டுக்கு வந்தான்.

"எந்தக் கடல்ல ஓட்டறீங்கன்னு கேக்கறாங்க மாமா."

"குட்டைலன்னு சொல்லு மாப்ள."

"சொன்னனுங்க. சிரிச்சுப்போட்டு போனை வெச்சுட்டாங்க."

விடாமல் அலைந்து, ஆறுகளிலும் ஏரிகளிலும் ஓடும் படகுகளோடு சேர்த்துக்கொள்ளச் சம்மதம் வாங்கினான். அதன்பிறகுதான் உண்மையான சண்டை தொடங்கியது. எவ்வளவுக்குப் போடுவது?

புதுப் படகு என்ன விலையோ அந்தத் தொகைக்குப் போட வேண்டும் என்றார் இவர். எவ்வளவு கூட்டிப் போட்டாலும், முழுகினால் இன்றைய மதிப்புதான் கிடைக்கும், பிரீமியம்தான் வீண் என்றான் தம்பி. எனக்கு இரண்டுமே விளங்கவில்லை.

"ஏனுங்க, நம்ம குட்டைல முழுகுனா அது எங்கீங்க போகும்? தண்ணிய எறைச்சா அடியில இருக்கப்போகுது. நாம பம்ப்செட் கடைதானுங்க வெச்சிருக்கறோம்?" என்றேன்.

"யார் மேலயாச்சும் மோதிப்போட்டா?"

"மோதறதுக்கு அங்க இன்னொரு போட்டு இருக்குதுங்களா?"

அவர் தம்பி பக்கம் திரும்பி, மறுபடியும் புதுப் படகின் விலையைச் சொல்ல ஆரம்பித்தார்.

படகை நேரில் பார்த்துப் போட்டோ எடுத்தால்தான் மதிப்புப் போட முடியும் என்று தம்பி சொல்ல, அடுத்த ஞாயிறு மூன்று பேரும் தோப்புக்குப் போனோம். கரையிலிருந்து நாலு பக்கமும் எடுத்தான். மிதிக்கும் பெடல் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றான். "ஏறி உக்காரு மாப்ள," என்று இவரும் ஏறிக்கொண்டார். இருவருக்கும் நீச்சல் தெரியாது.

அன்னம் அழகாகத்தான் போனது. குட்டையின் நடுவில் கடகடவென்று ஒரு சத்தம் கேட்டது. செயின் கழன்றுவிட்டது. இருவரும் மிதித்தார்கள், கால்தான் சுற்றியது. குட்டை ஒன்றரை ஆள் ஆழம். சரிவெல்லாம் பிளாஸ்டிக் விரிப்பு போட்டிருந்ததால் இறங்கினாலும் ஏற முடியாது. நான் கரையில் நின்று கத்தினேன். அவர்களோ அங்கே இன்சூரன்ஸ் பேசிக்கொண்டிருந்தார்கள். தண்ணீரின் மேல் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

"மாமா, ஏறி உக்கார்ற ஆளுக்குத்தானுங்க மொதல்ல போடோணும்."

"அப்ப அன்னத்துக்கு?"

"அது கெடக்குதுங்க மாமா! அது மெதக்குமுங்க, நாமதான் முழுகிப்போவோம்!"

பக்கத்துத் தோப்புக்காரரைக் கூட்டி வந்தேன். அவர் தேங்காய் பறிக்கும் நீளத் தொரட்டியோடு வந்து, "ஒண்ணும் பயப்படாதீங்க," என்று அன்னத்தின் கழுத்தில் கொக்கியை மாட்டினார். எட்டியது, பிடித்தது. மூச்சைப் பிடித்து இழுத்தார். கழுத்து மட்டும் கரைக்கு வந்து சேர்ந்தது. அவர்கள் இருவரும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தோப்புக்காரர் கழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "பழசு போலிருக்குதுங்க," என்றார். பிறகு காற்று வீசத் தொடங்கி, தலையில்லாத படகை மெல்ல மெல்ல ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தது. கயிறு வீசி இருவரையும் மேலே ஏற்றினோம்.

தம்பி கரையில் கொஞ்ச நேரம் படுத்துக் கிடந்தான். எழுந்ததும் மறுபடியும் போட்டோ எடுத்தான்.

"இனி இத அன்னம்னு சொல்ல முடியாதுங்க மாமா. சும்மா போட்டுதான். மதிப்பு எறங்கிப்போச்சு."

"சரி மாப்ள," என்றார் இவர். நாலு நாளாக நடந்த சண்டை அந்த ஒரு சொல்லில் முடிந்தது. படகுக்குக் குறைந்த தொகை, ஏறுகிறவர்களுக்கு அதிகத் தொகை என்று முடிவாயிற்று. இரண்டு உயிர்காப்புச் சட்டைகளையும் தம்பியே வாங்கிக் கொண்டுவந்து கொடுத்தான்.

ஒர்க்‌ஷாப்பில் வைத்து இவர் கழுத்தை ஒட்டினார். செயினையும் மாற்றினார். ஒட்டும்போது எங்கோ கோணிவிட்டது. அன்னம் இப்போது முன்னால் பார்க்காமல், ஏறி உட்கார்கிறவர்களைத் திரும்பிப் பார்க்கிறது.

ஒரு ஞாயிறு, ஆரஞ்சு நிற உயிர்காப்புச் சட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு நானும் ஏறினேன். எங்கள் தோப்பைத் தண்ணீர் மட்டத்திலிருந்து அதுவரை நான் பார்த்ததில்லை. மரங்கள் என்னமாய் உயர்ந்திருந்தன! பாதி வட்டம் போனதும் அவர் மிதிப்பதை நிறுத்திவிட்டார்.

"முழங்கால் வலிக்குது அம்மணி. நீ மிதி."

மிதித்தேன்.