வாசலோர நாற்காலி

கொஸ்லந்தைப் பக்கத்து எங்கள் தோட்டக் கோயிலில், பெரிய வியாழன் மாலைப் பூசையில் ஃபாதர் பன்னிரண்டு ஆண்களுக்குக் கால் கழுவிவிடுவார். இயேசு தம் சீடர்களுக்குச் செய்ததன் நினைவு. எந்த நாற்காலி எந்தச் சீடருக்கு என்று எந்த வேதத்திலும் எழுதவில்லை. எங்கள் லயத்து வரிசைவீட்டு ஆட்களுக்கு மட்டும் அது தெரிந்திருந்தது. பீடத்துக்குப் பக்கத்தில் இருப்பது முதல் சீடர் இராயப்பருக்கு. அதில் வருஷா வருஷம், ஃபாதர் இல்லாத நாட்களில் ஜெபம் நடத்தும் உபதேசியார் உட்கார்ந்துகொள்வார். வாசலோரம் இருக்கும் பன்னிரண்டாவது, காட்டிக்கொடுத்த யூதாசுக்கு. அதில் என் வீட்டுக்காரர். பாவி மனிதர் தேயிலை ஆலையில் வேலை முடிந்து ஓடி வருவதற்குள் மற்றதெல்லாம் நிறைந்துவிடும்.

தொண்ணூறுகளின் கடைசியில், மகளுக்கு முதல் நற்கருணையான புதுநன்மை கொடுக்க வேண்டிய வருஷம், விஷயம் முற்றிவிட்டது. மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் அவளை "யூதாஸ் மக" என்று கூப்பிட்டிருக்கின்றன. புதுநன்மையே வேண்டாம் என்று கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். வீட்டுக்காரரைப் பிடித்து உலுக்கினேன்.

"யாராச்சும் அதுல உக்காரணும்ல," என்றார். "அவன் காலையுந்தானே இயேசு கழுவுனாரு."

இந்த மனிதரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நானே இறங்கினேன். பிள்ளைக்காம்பராவில் எனக்கு வேலை. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுப்போகிற குழந்தைகள் மத்தியானம் தூங்கும்போது வேதாகமத்தைப் புரட்டினேன். புரட்டப் புரட்டச் சந்தேகம்தான் கூடியது. நேரே உபதேசியாரிடம் போனேன். தினமும் கோயிலில் போதித்த இயேசுவை எல்லாருக்கும் தெரியுமே, அவரை அடையாளம் காட்ட யூதாஸ் ஒரு முத்தம் கொடுத்தது எதற்கு என்று கேட்டேன். இருட்டு என்றார். தீப்பந்தம் கொண்டுபோனதாக எழுதியிருக்கிறதே என்றேன். ஓரிடத்தில் தூக்குப் போட்டுச் செத்தான் என்றும் இன்னோரிடத்தில் தலைகுப்புற விழுந்து வயிறு வெடித்துச் செத்தான் என்றும் இருக்கிறதே, ஒரு மனிதன் எத்தனை தரம் சாவான் என்றேன். கயிறு அறுந்து விழுந்திருப்பான் என்றார். அறுந்ததாக எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்றேன். அவருக்கு அவசரமாக எங்கோ போக வேண்டியிருந்தது.

அதே கேள்விகளையும் மகள் கட்டிலுக்கு அடியில் கிடப்பதையும் ஃபாதரிடம் போய்ச் சொன்னேன். அவர் பரவாயில்லை. சிரித்தார். அந்தக் கேள்விகளுக்காகப் படித்தவர்களே இன்னும் அடித்துக்கொள்கிறார்கள் என்றார். நாற்காலிக்கு மட்டும் ஒரு வழி செய்கிறேன், யாரிடமும் சொல்லாதே என்றார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தது என் வாழ்நாளில் அந்த ஒரு வாரம்தான்.

வியாழன் வந்தது. மகளைத் தரதரவென்று இழுத்துப்போய்ப் பிள்ளைகளின் வாங்குப் பலகையில் உட்கார வைத்தேன். பதினொரு பேரும் வீட்டிலேயே சவர்க்காரம் போட்டுத் தேய்த்த காலோடு காத்திருந்தார்கள். இவர் வழக்கம்போலத் தேயிலைத் தூசியோடு வந்து வாசலோரம் உட்கார்ந்தார். ஃபாதர் செம்பை எடுத்துக்கொண்டு நேரே அவரிடம் போனார். இந்தத் தடவை வாசலிலிருந்து ஆரம்பம்.

உபதேசியாரின் முகம் மாறியது. மனதுக்குள் எண்ணியிருப்பார், இப்போது பன்னிரண்டாவது அவர். புத்தகத்தை மறந்துவிட்டவர் போல எழுந்து உள்ளே போனார். அடுத்தவர் பக்கத்து வெற்று நாற்காலியைப் பார்த்தார். இப்போது கடைசி தான்தான் என்று உறைத்ததும் இருமிக்கொண்டே எழுந்தார். அதற்கு அடுத்தவருக்கு வயிற்று வலி. வீட்டுக்காரரின் காலிலோ பல நாள் தூசி. ஃபாதர் குனிந்து தேய்த்துக்கொண்டே இருந்தார். கழுவி, துடைத்து, முத்தமிட்டு நிமிர்ந்தால், பதினொரு நாற்காலியும் காலி.

என் மனிதர் ஈரக் காலோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். அப்போது மகள் வாங்கின் மேல் ஏறி நின்று, பக்கத்துப் பிள்ளைகளிடம் கோயிலுக்கே கேட்கச் சொன்னாள்:

"பாத்தீங்களா, சீடருங்க எல்லாம் ஓடிப்போயிட்டாங்க. எங்கப்பா மட்டுந்தான் இருக்காரு."